தரவையில கோல்ப்: ஸ்கொட்லாந்தில லிங்ஸ் மைதானத்தில ஆடினாக்கள் ஆரும் இருக்கிறியளோ?

முள்ளியவளையான்:

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச கிரிக்கெட், எல்லே, வொலிபோல் எண்டு நிறையக் கதைக்கிறியள், கோல்ப் பற்றி ஒருத்தரும் கேட்டதா நான் காணேல்லை, எங்க போடுறதெண்டு தெரியாமல் விளையாட்டுப் பகுதியிலயே போடுறன்.

நான் கொழும்பில ஒரு கோல்ப் மைதானத்தில 6 வருசம் புல்லு வெட்டுற, தண்ணி விடுற வேலை செய்தனான். வேலை முடிஞ்ச பின்னேரங்களில அங்க ஆடுறாக்களுக்கு மட்டைப்பை தூக்குற கெடிமார் சொல்லித்தந்துதான் மட்டை பிடிக்கப் பழகினது. பிறகு அப்பாவுக்குச் சுகமில்லாமல் போக ஊருக்கு வந்திட்டன், இப்ப வயலும் ஒரு சின்னக் கடையும். பழைய அயன் மட்டை (இரும்புத் தலை மட்டை) நாலும், பந்தைக் குழிக்கு உருட்டுற பட்டர் மட்டை ஒண்டும் இன்னும் வீட்டில இருக்கு, மண்வெட்டிக்குப் பக்கத்தில சாத்தி வைச்சிருக்கிறன், மாசத்துக்கு ஒருக்கா துடைச்சுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறனான்.

விசயம் என்னெண்டா அக்கா குடும்பம் ஸ்கொட்லாந்தில டன்டீயில. விசா கிடைச்சிட்டுது, வற்றாப்பளைப் பொங்கல் முடிய வெளிக்கிடுறன், யூலை மாசம் முழுக்க அங்கதான். அத்தான் கோல்ப் ஆடுறவர். கடற்கரையில இருக்கிற பழைய லிங்ஸ் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போறாராம், ஆனா கொழும்பில அடிச்ச மாதிரி அங்க அடிக்க ஏலாது, அதை மறந்திட்டு வா எண்டு சொல்லிப்போட்டார். எப்பிடி மறக்கிறது? நான் பழகினது முழுக்க தண்ணி விட்டு வளர்த்த மெத்தைப் புல்லு, ரெண்டு பக்கமும் மரம், பந்தை உயரத் தூக்கி அடிச்சா விழுந்த இடத்திலயே நிக்கும். அங்க மரமே இல்லையாம், காத்தாம், தரை காங்கிறீட் மாதிரியாம். ஆடின ஆரும் இருந்தா விளக்கமாச் சொல்லுங்கோ. என்ன மட்டை கொண்டு போறது, போக முந்தி இஞ்ச என்னத்தைப் பழகலாம்?

இன்னொண்டு. அத்தானோட போனில கதைக்கேக்க ஸ்பீக்கரில போட்டிருந்தனான், அவர் "அங்க பங்கருக்குள்ள விழுந்தா வெளியில வாறது பெரும்பாடு" எண்டவர். அடுப்படியில நிண்ட அம்மா கையைத் துடைச்சுக்கொண்டு வந்து "அங்கயும் என்னத்துக்குப் பங்கர்?" எண்டு கேட்டா. விளையாட்டுக்கு வெட்டின மணல் கிடங்கம்மா எண்டு சொன்னனான், ஆனா முகம் தெளியேல்லை. எங்கட வீட்டில அந்தச் சொல்லுக்கு ஒரு கருத்துத்தான் இருக்கு.


விசுவமடுத் தோட்டம்:

தம்பி, உங்கட கேள்வியைப் பாத்திட்டு இரவு முழுக்க அந்த மைதானங்கள்தான் நினைவில. நான் 11 வருசம் ஸ்கொட்லாந்தில ஃபைஃப் பக்கம் இருந்தனான், கடையில வேலை, ஓய்வு நாளில கோல்ப், இப்ப திரும்பி வந்து தோட்டம் செய்யிறன். கொஞ்சம் நீட்டி எழுதுறன், ஆறுதலா வாசியுங்கோ.

முதல்ல லிங்ஸ் எண்டா என்ன நிலமெண்டு பிடிபட்டாச் சரி, மற்றதெல்லாம் தன்பாட்டில விளங்கும். கடலுக்கும் பயிர் செய்யிற நிலத்துக்கும் இடையில கிடக்கிற மணல் நிலம் அது. உழ ஏலாது, விதைச்சாலும் வராது, ஆடு மாடு மேய விடத்தான் சரி. எங்கட பாசையில அதுக்கு நல்ல சொல்லு இருக்கு, தரவை. எனக்கு இது உடன விளங்கேல்லை, மூண்டாம் தரம் போகேக்க ஒரு மேட்டில ஏறி நிண்டு கீழ பாத்தன், ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வயல், நடுவில கட்டைப்புல்லு மேடு பள்ளமாக் கிடக்கு. இது நந்திக்கடல் கரைத் தரவைதானே எண்டு மனசுக்குள்ள ஒரு சந்தோசம். ஒருத்தரும் இயந்திரம் போட்டு வடிவமைச்ச இடமில்லை. காத்து மணலைக் கூட்டி வைச்சது, முயலும் ஆடும் புல்லைக் கடிச்சுக் கட்டையாக்கினது, சனம் அதில பந்தை அடிச்சுக்கொண்டு போனது. பழைய மைதானம் எல்லாம் அப்பிடி வந்ததுதான்.

அடியில மணல், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணி கீழ இறங்கிடும், அதால தரை எப்பவும் இறுக்கம். ஃபெஸ்கியூ எண்டு ஒரு மெல்லிசுப் புல்லு, ஊசி மாதிரி, கொழும்புப் புல்லு மாதிரி தடிப்பில்லை. பந்து அதில விழுந்தா நிக்காது, ஓடும். நீங்கள் பழகின மாதிரி உயர அடிச்சு கொடிக்குப் பக்கத்தில இறக்கினா அது துள்ளி கிறீனுக்கு (குழி இருக்கிற கட்டைப்புல்லுத் திடலுக்கு) பின்னால போய்ப் புதருக்குள்ள விழும். அப்ப என்ன செய்யிறது? கிறீனுக்கு 20, 30 யார் முன்னாலயே பந்தை இறக்கி உருள விடுங்கோ. பந்து நிண்ட இடத்திலயிருந்து குழி மட்டும் தரை எந்தப் பக்கம் சரியுதெண்டு நடந்து பாருங்கோ. வாய்க்காலில தண்ணி எந்தப் பக்கம் ஓடுமெண்டு வயல்காரனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லைத்தானே, அதே கண்தான் வேணும்.

நல்லாக் கைகுடுக்கிறது செவன் அயன். கிறீனுக்குக் கிட்ட வந்தாப் பிறகு சான்ட் வெஜ் மட்டையை எடுத்துத் தூக்கி அடிக்கிற ஆசையை விடுங்கோ, அந்த இறுகின தரையில மட்டையின்ட அடிப்பக்கம் துள்ளி பந்தின்ட நடுவில அடிச்சுப்போடும், நான் அப்பிடி எத்தினையைக் குறுக்கால விட்டிருப்பன். செவன் அயனால தட்டி உருட்டுங்கோ. இன்னும் கிட்டவெண்டா பட்டர். கிறீனுக்கு வெளியில 20 யாரில நிண்டு பட்டரால உருட்டுறதை அங்க ஒருத்தரும் புதினமாப் பாக்கமாட்டினம், அங்கத்தக் கிழவர்மார் அப்பிடித்தான் ஆடுறவை. விதிப்படி 14 மட்டை மட்டும் கொண்டு போகலாம், உங்களிட்ட இருக்கிற அஞ்சோட அத்தானிட்ட ரெண்டு மூண்டு வாங்கினாக் காணும், மெய்யாத்தான் சொல்லுறன்.

பங்கர் விசயம். பொட் பங்கர் எண்டு சொல்லுவினம், பானை மாதிரி சின்ன வாய், ஆழம் கூட. ஃபைஃபில இருக்கிற சென்ற் அன்ட்ரூஸ் ஊரின்ட பழைய மைதானத்தில மட்டும் 112 இருக்கு. 14ஆம் குழியில இருக்கிறதுக்கு நரகம் எண்டே பேர், அது பானையில்லை, பெரிசு, உள்ளுக்கு நிண்டா முன்னால சுவர் ஆளை மூடும். சுவரைப் புல்லுக்கட்டி வெட்டி செங்கல்லு அடுக்கிற மாதிரி அடுக்கிக் கட்டுவினம். விழுந்தா கொடியைப் பாக்காதேங்கோ. சுவர் பதிஞ்ச பக்கம் எதெண்டு பாத்து, பக்கவாட்டிலயோ பின்னாலயோ எண்டாலும் சரி, ஒரே அடியில வெளியில வாங்கோ. முன்னுக்கு அடிப்பன் எண்டு வீம்பு பிடிச்சவன் அஞ்சாறு அடி உள்ளுக்கயே விடுறதைக் கண்ணால கண்டனான். அடிக்க முந்தி மட்டை மணலில முட்டக்கூடாது எண்டது உங்களுக்குத் தெரியும். ஒண்டுமே ஏலாட்டி ரெண்டு அடி தண்டத்தோட பந்தை வெளியில எடுத்துவைச்சு ஆடலாம், அது 2019இல வந்த விதி.

அம்மாவிட்ட இதையும் சொல்லுங்கோ. அந்தக் கிடங்குகள் முதன்முதல்ல வந்தது ஆடுகளாலதான் எண்டு அங்க சொல்லுவினம். கடல்காத்து தாங்க ஏலாமல் மேட்டின்ட மறைவில ஒதுங்கிப் படுத்துப் படுத்து மண் கிண்டுப்பட்டு வந்த கிடங்குகள். நானும் 2009இல அம்மான்ட கூறைச்சீலையைக் கிழிச்சு மண்மூட்டை தைச்சுக் கட்டின பங்கருக்குள்ள இருந்தவன்தான், முதல் நாள் அந்தச் சுவருக்கு முன்னால இறங்கி நிக்கேக்க மட்டையைத் தூக்க ஏலாமல் கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டனான். கூட வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒண்டும் கேக்காமல் கை தந்து ஏத்திவிட்டவர். அதுக்குப் பிறகு மெல்ல மெல்லப் பழகிட்டுது.


கரைவலை:

தம்பி நான் கோல்ப் ஆடினதில்லை, டிவியில பாத்திருக்கிறன் அவ்வளவுதான், தொழில் முல்லைத்தீவுக் கடல். ஆனா காத்தைப் பற்றிக் கேட்டதால எழுதுறன்.

நீர் போற இடம் அந்த நாட்டின்ட கிழக்குக் கரை எண்டு மகள் மப்பில காட்டினவ. எங்கடையும் கிழக்குக் கரை. யூலையில எங்களுக்கு சோழகம், தரையிலயிருந்து கடலுக்குத் தள்ளும். அங்கயும் கூடுதலா மேற்கு, தென்மேற்குக் காத்துத்தானாம். அப்ப உமக்கு அது புதுக் காத்தில்லை. ஆனா ஒண்டு, கரையில நிக்கேக்க முகத்தில படுற காத்தை நம்பாதையும். வாடிக்குப் பின்னால நிண்டா காத்தே இல்லாத மாதிரி இருக்கும், பத்து எட்டு வைச்சு வெளியில வந்தாச் சீலையைப் பறிக்கும். மணல்மேட்டின்ட மறைவில நிண்டு அடிக்கேக்கயும் அப்பிடித்தானே, பந்து மேட்டைத் தாண்டி எழும்பினாப் பிறகுதான் உண்மையான காத்தில மாட்டும். கண்ணுக்கு எட்டின தூரத்தில புல்லு எந்தப் பக்கம் சாயுது, கொடி எப்பிடி அடிக்குது, கடலில வெள்ளை எழும்புதோ எண்டு பாரும். கிட்டக் காத்தை விடத் தூரத்துக் காத்துத்தான் உம்மட பந்தைக் கொண்டு போகும்.

நாங்கள் எதிர்க்காத்தில கல்லெறியிறதெண்டா பதிச்சுத்தானே எறிவம். கோல்ப்பிலயும் அதுதானோ எண்டு தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.


விசுவமடுத் தோட்டம்:

அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு. கிரிக்கெட் பந்து 156 கிராமுக்குக் குறையாது, கோல்ப் பந்து கூடினது 45.93 கிராம்தான், காத்துக்கு அது பஞ்சு மாதிரி.

பதிச்சு அடிக்கிறதுக்கு இப்பிடிச் செய்யுங்கோ தம்பி. பந்தை வழமையை விட வலக்காலுக்குக் கிட்ட வைச்சு, கை பந்துக்கு முன்னால இருக்கிற மாதிரி பிடிச்சு, பாதி வீச்சில அடிச்சு, முடிக்கேக்க கையை நெஞ்சு உயரத்திலயே நிப்பாட்டுங்கோ. எதிர்க்காத்தெண்டா மூர்க்கமா அடிக்கத்தான் மனம் சொல்லும், அங்கதான் பிழைக்கிறது, மூர்க்கமா அடிச்சா பந்து கூடச் சுழலும், சுழல்ற பந்து எதிர்க்காத்தில பட்டம் மாதிரி ஏறி நிண்டு காலடியில விழும். செவன் அயன் தூரமெண்டா, அதை விடத் தூரம் போற ஃபைவ் அயனை எடுத்து மெதுவா அடியுங்கோ. பழைய லிங்ஸ் கனக்க இடத்தில போக 9 குழி, திரும்பி வர 9 குழி, அப்ப காத்து ஒரு பாதிக்கு முதுகில, ஒரு பாதிக்கு முகத்தில. முதல் 9இல நல்ல எண்ணிக்கை வந்திட்டுது எண்டு துள்ளவும் கூடாது, மோசமாப் போட்டுது எண்டு மனம் உடையவும் கூடாது.

மஞ்சள் பூப் பூத்த பற்றை ஒண்டு நிக்கும், கோர்ஸ் எண்டு பேர், எங்கட காரை முள்ளுத் தோத்துப்போகும். அதுக்குள்ள கையை விடாதேங்கோ. பந்து தேட 3 நிமிசம்தான், கிடைச்சாலும் ஒரு அடி தண்டம் எடுத்து வெளியில வைக்கிறதுதான் புத்தி.


முள்ளியவளையான்:

அண்ணை ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. இதைப் பிரிண்ட் எடுத்து வைச்சிருக்கிறன். இன்னும் ஒரு கேள்வி, சென்ற் அன்ட்ரூஸ் பழைய மைதானத்தில என்னைப் போல ஒருத்தன் ஆடலாமோ? கோல்ப் பிறந்த இடம் எண்டு கெடிமார் சொல்லுவினம், ஒருக்கா கால் வைச்சாலே காணும் எனக்கு.


கிளிநொச்சி ரீச்சர்:

தம்பி, நான் கோல்ப் ஆடுறேல்லை, ஆனா தம்பியார் வீட்டில மூண்டு மாசம் நிண்டபடியா அந்த இடம் நல்லாத் தெரியும், காலை வைக்கிற கேள்விக்கு என்னால பதில் சொல்ல ஏலும்.

ஞாயிற்றுக்கிழமைகளில அந்தப் பழைய மைதானத்தில கோல்ப் இல்லை, பெரிய போட்டி நடக்கிற நாள் தவிர. அண்டைக்கு ஊர்ச்சனம் நாயோட, பிள்ளையளோட அதுக்குள்ளால நடக்கும். நானும் 18ஆம் குழியில இருக்கிற ஸ்வில்கன் பாலத்தில ஏறி நிண்டனான், சின்னக் கல்லுப்பாலம், எங்கட வாய்க்கால் மதகு அளவுதான். ஒரு சதமும் குடுக்கேல்லை, ஒருத்தரும் ஆரெண்டு கேக்கேல்லை.

அது ஏன் அப்பிடியெண்டு தேடி வாசிச்சனான். 1457இல ரெண்டாம் ஜேம்ஸ் மன்னர், சனம் வில்லு அம்பு பழகாமல் பந்தடிச்சுத் திரியுதெண்டு கோல்ப்பையே தடை செய்தவர். அதுக்கு ஒரு நூறு வருசத்துக்குள்ள, 1552இல, பேராயர் ஜோன் ஹமில்டன் அந்தக் கடற்கரை நிலத்தில ஊர்ச்சனம் பந்தடிக்கிற உரிமையை எழுத்தில உறுதிப்படுத்தினவர், அவர் அங்க முயல் வளர்க்கிறதுக்கும் சனம் சம்மதிச்சது. இண்டைக்கும் அது தனியார் கிளப்பின்ட காணி இல்லை, 1974இல அமைச்ச பொது அறக்கட்டளை ஒண்டுதான் நடத்துது. ஊரின்ட தரவை ஊருக்கே எண்டு ஒரு கடதாசி அவ்வளவு காலமா நிண்டுபிடிச்சிருக்கு. காணி உறுதியைப் பொலித்தீன் பையில சுத்தி இடுப்பில கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்த எங்களுக்கு அதின்ட பெறுமதி தெரியும். அதை வாசிச்ச அண்டைக்கு எனக்குக் கண் கலங்கிட்டுது.

ஆடுறதெண்டா, பழைய மைதானத்துக்கு ஹன்டிகாப் சான்று (ஆட்டத் திறமையைக் காட்டுற சான்று) கேப்பினம், ரெண்டு நாளுக்கு முந்திப் பேர் குடுத்துச் சீட்டுக் குலுக்கலில வரவேணும், யூலையில காசும் 300 பவுணுக்கு மேல. ஆனா பக்கத்திலயே பல்கோவ் எண்டு 9 குழி மைதானம், பழகிறாக்களுக்கும் பிள்ளையளுக்கும் எண்டே செய்தது, சான்று ஒண்டும் வேண்டாம். அதோட ஹிமாலயாஸ் எண்டு பட்டிங் மட்டும் அடிக்கிற திடல், பேருக்கேற்ற மாதிரி மேடும் பள்ளமும். 1867இல பெண்கள் தொடங்கின கழகத்தின்ட இடம், அந்தக் காலத்தில பெண்கள் தோளுக்கு மேல மட்டையைத் தூக்கினா மரியாதையில்லை எண்டு பட்டிங் மட்டும்தான் விட்டவையாம். கொஞ்சக் காசுதான். நான் சேலையோட நிண்டு மருமக்களோட அடிச்சனான். அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அத்தானும் நீங்களும் மட்டும் போகாதேங்கோ.

பழைய மைதானத்தை நடந்து பாக்கேக்க கிறீன்களைக் கவனியுங்கோ. 7 கிறீனில ரெண்டு ரெண்டு குழி. போற வழிக்கு வெள்ளைக்கொடி, வாற வழிக்குச் சிவப்பு. ரெண்டு குழி இலக்கத்தையும் கூட்டினா எப்பவும் 18 வரும், 2உம் 16உம், 3உம் 15உம், 5உம் 13உம். முந்தி 22 குழி, 1764இலதான் 18 ஆக்கினவை, பிறகு உலகமே 18 எண்டு எடுத்திட்டுது. நான் கணக்கு ரீச்சர், அதான் இதை விடேல்லை.


மாங்குளத்தான்:

இஞ்ச பழகப்போறன் எண்டு எழுதினபடியால் ஒரு முக்கியமான விசயம். நான் கண்ணிவெடி அகற்றுற வேலை 9 வருசம் செய்தனான். கோல்ப் மட்டை மண்ணைக் கொத்தும். நடக்கிற காலை விட அது ஆழம் போகும். அதால சனமும் மாடும் நித்தம் திரியிற, துப்புரவு செய்து கையளிச்ச இடத்தில மட்டும் அடியும் தம்பி. நந்திக்கடல் பக்கமெண்டா கிராம சேவையாளரிட்டக் கேட்டிட்டுப் போம். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இல்லையெண்டதை மட்டும் வைச்சுக்கொண்டு நம்பாதையும். பந்து பற்றைக்குள்ள போனா விடும், பந்து வாங்கலாம். இரும்பு ஏதும் மேல தெரிஞ்சாத் தொடாமல் வந்த வழியால திரும்பி வந்து பொலிசுக்குச் சொல்லும்.

எங்கட மண்ணைத் துப்புரவாக்கின ஹலோ ட்ரஸ்ட்டின்ட தலைமையகமும் ஸ்கொட்லாந்திலதான். போற நாட்டுக்கும் எங்களுக்கும் அப்பிடியும் ஒரு தொடுப்பு இருக்கு.

பழக நல்ல இடம், மாடு மேய்ஞ்ச அறுகம்புல்லுத் தரை, அடியில மணல். அது வெயிலுக்கு இறுகி நீங்கள் சொல்லுற மாதிரித்தான் இருக்கும்.


முள்ளியவளையான்:

எல்லாருக்கும் ஒரு தகவல். மாங்குளத்தண்ணை சொன்ன மாதிரி விசாரிச்சு, மாட்டுக்காரப் பெரியய்யா ஒருத்தர் 8 வருசமா மேய்க்கிற தரவையில அவரையே கூட்டிக்கொண்டு போய் நிண்டு அடிச்சன். நாலு நாளாப் போறன்.

முதல் நாள் பழைய பழக்கத்தில உயர அடிச்சன், சோழகம் தூக்கிக்கொண்டு போய் எங்கயோ போட்டுது, மூண்டு பந்து போச்சு. ரெண்டாம் நாள் பந்தை வலக்காலுக்குக் கிட்ட வைச்சு செவன் அயனால பாதி வீச்சில தட்டினன். ஆள் உயரத்துக்கு மேல எழும்பேல்லை. விழுந்து ஒரு சின்னத் துள்ளல், பிறகு அறுகம்புல்லில சர்ரெண்டு ஒரு சத்தத்தோட ஓடிச்சுது பாருங்கோ, சாணியைச் சுத்தி வளைஞ்சு, ஒரு பள்ளத்தில இறங்கி மறைஞ்சு, பிறகு மற்றப் பக்கத்தால ஏறி வந்து நிண்டுது. விழுந்த இடத்திலயிருந்து நிண்ட இடம் மட்டும் எட்டு வைச்சு எண்ணினன், 34 எட்டு. கொழும்பில 6 வருசம் நான் வெட்டின புல்லில ஒரு பந்தும் இப்பிடி ஓடினதை நான் காணேல்லை. பெரியய்யா கம்பை ஊண்டிக்கொண்டு பாத்திட்டு "தரை சொல்லுற பக்கம்தானே போகுது" எண்டார், பிறகு தானே முன்னுக்கு நடந்து எந்த இடம் எந்தப் பக்கம் சரிவெண்டு காட்டத் தொடங்கிட்டார். அவருக்கு அந்தத் தரவையின்ட ஒவ்வொரு பள்ளமும் தெரியும், மழைத்தண்ணி எங்க தேங்கும், மாடு எங்க படுக்கும் எண்டு.

அம்மாவுக்கு ஆட்டுக்கதையைச் சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு "காத்துக்கு ஒதுங்கிறதுக்கோ கிடங்கு" எண்டு கேட்டா, ஓமெண்டன். "அப்ப சரி, விழுந்தா டக்கெண்டு ஏறி வந்திடு" எண்டா.

கரைவலை அண்ணை, முதல் நாளுக்குப் பிறகு காத்து இல்லாத விடியப்புறமாப் போய்த்தான் அடிச்சனான், அது பிழை எண்டு இப்ப விளங்குது. நாளைக்குப் பத்து மணிக்குப் பிறகு, காத்து நல்லா எழும்பினாப் பிறகு போறன். நீங்கள் அந்தப் பக்கம் வந்தா ஒருக்கா வந்து நிண்டு பாத்துச் சொல்லுங்கோ.